கோடியக்கரை: எப்போது போவது, எங்கே நிற்பது, அந்தக் குதிரைகளை என்ன செய்வது

தேன்சிட்டு:
வணக்கம். அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரம், கோடியக்கரை போகலாம் என்று வீட்டில் பேச்சு. நான், பத்து வயது மகன், என் அம்மா. மகனுக்குப் பறவைப் பித்து. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க மாட்டார்.

தேடிப் படித்ததில் குழப்பம்தான் மிச்சம். ஒருவர் ஆயிரக்கணக்கில் பூநாரை என்கிறார். இன்னொருவர் வெறும் சேறும் முள்ளுக்காடும்தான், பெட்ரோல் காசு தண்டம் என்கிறார். மானுக்கு ஒரு மாதம், பறவைக்கு ஒரு மாதம் என்றும் போட்டிருக்கிறது. எது சரி? ஒரே நாளில் எல்லாம் முடியுமா? அப்புறம், காட்டுக் குதிரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மகன் பிடிவாதம்.

உப்பங்காற்று:
நமக்கு ஊர் வேதாரண்யம். அந்த இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. வெவ்வேறு மாதத்தில் வந்து வெவ்வேறு பக்கம் பார்த்திருப்பார்கள்.

கோடியக்கரை என்றால் ஒரு காடு, பக்கத்தில் ஒரு ஏரி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் கடற்கரை இங்கேதான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனைக்குக் கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் ஜலசந்தி. உள்ளே மணல்மேடு, காடு, புல்வெளி, சேற்று நிலம், உப்பளம். மேற்கே போகப் போக முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. 1967-ல் சரணாலயமாக அறிவித்தது காடும் புல்வெளியுமாக 17 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். 2002-ல் உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது சதுப்பு, அலையாத்தி எல்லாம் சேர்த்து 385 சதுர கிலோமீட்டர். அதனால் 'கோடியக்கரை போனேன்' என்று ஒருவர் சொன்னால் இதில் எதற்குப் போனார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இங்கே எல்லாமே தரைமட்டம். ராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான் இந்த வட்டாரத்திலேயே உயரமான இடம். அதுவே கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர்தான். கொஞ்சம் மேடாக இருந்தால் பாலை மரம் நிற்கும். ஒரு முழம் தாழ்ந்தால் புல். இன்னும் ஒரு முழம் தாழ்ந்தால் உப்புத் தண்ணீர் தேங்கி உமரி என்ற உப்புநிலச் செடியைத் தவிர எதுவும் முளைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை எவ்வளவு பெய்தது, அந்தத் தண்ணீர் இப்போது எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் எது எங்கே இருக்கும் என்று சொல்ல முடியும். காலண்டரை வைத்துச் சொல்வது பாதி ஊகம்.

டிசம்பர் கடைசி என்றால் பறவைக்கு நல்ல நேரம். மான் கொஞ்சம் சிரமம், புல்வெளியில் தண்ணீர் நிற்கும், மான்கள் மேடு பார்த்து ஒதுங்கிவிடும். குதிரை எப்படியும் கண்ணில் படும், மகனுக்கு ஏமாற்றம் இருக்காது.

பவளக்காலி:
உப்பங்காற்று அண்ணன் சொன்னதற்கு மேலே ஒன்று. பூநாரையை மட்டும் குறிவைத்து வராதீர்கள். அது வருடத்துக்கு வருடம் மாறும். இந்தியாவில் பூநாரை கூட்டமாகக் கூடு வைக்கும் பெரிய இடம் குஜராத்தின் கட்ச் ரண். குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வந்தாலும், இங்கே சதுப்பில் தண்ணீர் அதன் முழங்காலைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதிகமானாலும் போய்விடும், வற்றினாலும் போய்விடும்.

வந்திருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். கூட்டத்தைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு பைனாகுலரில் பாருங்கள். கழுத்தை இறக்கி, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீரில் வைக்கும். நாக்கு முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சித் துப்பும். அலகின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுகளில் பாசியும் பூச்சிப் புழுவும் தங்கும். அந்த நேரம் முழுக்கக் கால்கள் சும்மா இருக்காது. நின்ற இடத்திலேயே மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றிய பிறகு போனால் சேற்றில் வட்ட வட்டமாக அந்தத் தடம் இருக்கும். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில், அழுக்காகத் தெரிவதெல்லாம் குஞ்சுப் பருவம் தாண்டாதவை, நோய் இல்லை. மகன் கேட்பான்.

ஆனால் எனக்குக் கோடியக்கரை என்றால் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள், அந்த உள்ளான்கள்தான்.

சும்மாஒருவன்:
கட்டைவிரல் அளவு பழுப்புக் குருவியைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பவளக்காலி:
ஒரே மாதிரி இருப்பதுதான் விஷயமே, சும்மாஒருவன். கொசு உள்ளான் 20, 30 கிராம் எடை. ஆர்க்டிக் ஓரத்தில் மரமே இல்லாத துந்திரச் சமவெளியில் முட்டையிட்டுப் பொரித்துவிட்டு, பனிக்கு முன் கிளம்பி இங்கே வருகிறது. வளைமூக்கு உள்ளான் சைபீரிய வடகோடி. வந்தவை எல்லாம் ஒரே சேற்றில்தான் மேய்கின்றன. ஆனால் சண்டை குறைவு. ஏன் என்று அலகைப் பார்த்தால் தெரியும். உப்புக்கொத்திக்குக் கட்டை அலகு, பெரிய கண். ஓடும், நிற்கும், மேலே நகர்வதைக் கொத்தும், மறுபடி ஓடும். கொசு உள்ளான் மேல்தோல் சேற்றைத் தையல் போட்டுக்கொண்டே போகும். பவளக்காலி, நான் பெயர் வைத்துக்கொண்ட பறவை, இன்னும் கொஞ்சம் ஆழம். பெரிய கோட்டானின் வளைந்த அலகு நண்டு வளைக்குள்ளேயே இறங்கும். நெடுங்கால் உள்ளான் இவை எதுவும் நிற்க முடியாத தண்ணீரில் நிற்கும். தண்ணீர் நாலு விரல் ஏறினால் மொத்த வரிசையும் இடம் மாறும். அதனால்தான் உப்பங்காற்று அண்ணன் 'தண்ணீர் எங்கே நிற்கிறது' என்று ஆரம்பித்தார்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே ஆய்வு மையம் வைத்துப் பல பத்தாண்டுகளாகப் பறவைக்கு வளையம் போட்டு வருகிறது. காலில் உலோக வளையமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால் எந்தக் காலில், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து, முடிந்தால் படத்தோடு கழகத்துக்கு அனுப்புங்கள். பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

தேன்சிட்டு:
மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். மகனிடம் வளைய விஷயத்தைச் சொன்னேன், இப்போதே நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். உப்பளத்திலும் பறவை இருக்கும் என்று ஓர் இடத்தில் படித்தேன். அது கெட்டுப்போன நிலம் இல்லையா?

உப்பங்காற்று:
பாதி ஆமாம், பாதி இல்லை. உப்பளத்தில் எல்லாப் பாத்தியும் ஒன்று இல்லை. கடல் தண்ணீர் மூன்று டிகிரிக்குச் சற்று மேலே உள்ளே வரும், இது வெப்பம் இல்லை, உப்பு ஏற ஏறக் கூடும் அடர்த்தியை டிகிரி மானி போட்டுப் பார்க்கும் கணக்கு. முதலில் தேக்கும் பெரிய பாத்திகளில் மீன், இறால், பூச்சி எல்லாம் இருக்கும். கூழைக்கடா, நாரை, ஆலா எல்லாம் அங்கே. வெயிலில் சுண்டச் சுண்ட அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றுவார்கள். உப்பு ஏறியதும் மீன் சாகும். அப்போது ஆர்ட்டீமியா என்ற உப்பு இறால் பெருகும், மீன் இல்லாததால் அதற்குக் கொண்டாட்டம். பூநாரைக்கு அது பிடிக்கும். அந்தச் சிவப்பு நிறமே இந்த மாதிரி பாசியிலும் இறாலிலும் இருந்து ஏறுவதுதான். 25 டிகிரியில் உப்பு விழ ஆரம்பிக்கும். உப்பு வாரும் கடைசிப் பாத்தியில் ஒரு பூச்சியும் கிடையாது, கண்ணைக் கூசும் வெள்ளைதான்.

ஆக, தேக்கும் பாத்தி பறவைக்கு உபயோகம். ஆனால் ஒரு காலத்தில் மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் தன்போக்கில் கலந்து பரவிய சதுப்பை வரப்பு போட்டுப் பெரிய அளவில் தடுத்துவிட்டால் தண்ணீர் போக்கே மாறிவிடும். சில இடம் எப்போதும் உப்பு, சில இடம் எப்போதும் வறட்சி. சதுப்பின் பலமே வருடத்துக்குள் நல்ல தண்ணீரிலிருந்து உப்புக்குப் போய்த் திரும்பி வருவதுதான். அதை நிறுத்தினால் எங்கள் ஊர் மீன்பிடியும் அடிபடுகிறது. சிறு உப்பளக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளி இந்த வழியில்தான் இருக்கிறது, உப்பு இந்த மண்ணின் தொழில்.

வரும் வழியில் அங்கே இருக்கும் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணையும் அம்மாவுக்குக் காட்டுங்கள். இப்போது திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை ரயிலும் ஓடுகிறது, 2023-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள்.

புல்வாய்:
நான் காட்டுயிர் படிக்கும் மாணவன். எல்லோரும் பறவை பற்றியே பேசுகிறீர்கள். குதிரை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், தேன்சிட்டு அக்கா கோபப்படக் கூடாது.

அவை காட்டுக் குதிரை இல்லை. ஆள் வளர்த்த மட்டக்குதிரைகள் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் சுற்றி ஆள் பழக்கம் விட்டுப்போனவை. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சரணாலயம் முதன்மையாக வெளிமானுக்காக. தமிழ்நாட்டில் அது மிஞ்சியிருக்கும் இடங்களே கொஞ்சம்: கிண்டி, வல்லநாடு, மோயாற்றுப் பள்ளத்தாக்கு, இங்கே. அது திறந்த புல்வெளி விலங்கு. கண்ணால் பார்த்துத்தான் ஆபத்தை அறியும், ஓடித்தான் தப்பிக்கும். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை. ஒளிந்துகொள்ளத் தெரியாது. அது நிற்கும் புல்லில்தான் குதிரையும் மேய்கிறது. மானுக்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையாது. குதிரைக்கு மேலும் கீழும் உண்டு, தரையோடு தரையாகக் கடித்துவிடும். அசை போடாத விலங்கு என்பதால் உடம்புக்கு எடுத்துக்கொள்ளும் சத்து குறைவு, அதை ஈடுகட்ட நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். கோடையில் நல்ல தண்ணீர் இருப்பது முனியப்பன் ஏரி மாதிரி சில இடங்களில்தான். அங்கேயும் போட்டி.

மூன்றாவது, சீமைக்கருவேலம். காய் இனிப்பு. குதிரை தின்னும், விதை சாணத்தோடு நடுப் புல்வெளியில் எருவோடு விழும். வேறு என்ன வேண்டும் முளைக்க?

என் கருத்து: குதிரைகளை மொத்தமாக வெளியேற்ற வேண்டும்.

விறகுக்கட்டு:
படித்த பிள்ளைகள் இப்படித்தான் ஒரே வரியில் தீர்ப்பு எழுதுகிறீர்கள். வெளியேற்றி எங்கே விடுவீர்கள், தம்பி? பிடிக்கும்போதே சில சாகும். வண்டியில் ஏற்றினால் இன்னும் சில. கொண்டுபோன இடத்தில் வண்டியில் பூட்டிச் சாகடிப்பார்கள். மானுக்கு ஒரு நியாயம், குதிரைக்கு ஒரு நியாயமா?

கருவேலம் பற்றியும் சொல்கிறேன். எங்கள் பக்கம் பாதி வீட்டுக்கு அடுப்பு எரிந்தது அதில்தான். வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள் உண்டு. குதிரை வந்து விதைக்கவில்லை, 1870-களில் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான், அப்புறம் நம் அரசாங்கமே விறகுக்கென்று ஊக்கப்படுத்தியது. ஆடு மாடு தின்று பரப்பியது. இப்போது எல்லாப் பழியும் குதிரை தலையில்.

புல்வாய்:
ஐயா, குதிரை மட்டும்தான் காரணம் என்று நான் எழுதவே இல்லை. மாடும் பரப்புகிறது, காட்டுப்பன்றியும் பரப்புகிறது. ஆனால் பன்றி இந்த இடத்தின் விலங்கு, வெளிமானும் அப்படியே. குதிரை நாம் கொண்டு வந்து விட்டது. நாம் விட்டதை நாம்தான் சரிசெய்ய வேண்டும்.

சும்மாஒருவன்:
அப்படிப் பார்த்தால் நாமும்தான் வெளியேற வேண்டும் 😀

விறகுக்கட்டு:
அதுதான் நானும் கேட்கிறேன். கஜா புயல் அடித்தபோது இங்கே இருந்தீர்களா?

உப்பங்காற்று:
சண்டை வேண்டாம், நானே சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. அன்றைக்கு இந்தக் காட்டில் நின்ற பெரிய மரங்களில் பாதி வேரோடு சாய்ந்தது போலத்தான் இருந்தது. தென்னை, மா, சவுக்கு என்று ஊருக்குள் போனது தனிக் கதை. கடல் தண்ணீர் புல்வெளிக்குள் ஏறி மான்கள் செத்துக் கரையில் ஒதுங்கின. குதிரையும் செத்தது. சரணாலயத்தையே மூடிவைத்திருந்தார்கள்.

அப்போது கவனித்தது, பாலை மரங்களில் கிளை முறிந்தவை நிறைய, ஆனால் அடிமரம் நின்ற இடங்களில் மறுபடி தளிர்த்தது. அதன் வளர்ச்சி மெதுவோ மெது. ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன் வர ஓர் ஆயுள் போதாது. மரம் விழுந்து வெளிச்சம் வந்த இடத்தில் எல்லாம் முதலில் எழுந்தது சீமைக்கருவேலம். விறகுக்கட்டு அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு, பறவை வந்து அடையக்கூட அப்போது அந்த முள்தான் இருந்தது. ஆனால் அதை விட்டுவைத்தால் பாலைக் கன்றுக்கு இடமே கிடைக்காது. இரண்டும் உண்மை.

வெட்டினால் போகாது, அது தெரிந்த விஷயம். அடியிலிருந்து நாலு கிளையாக வரும். வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய குழியில் அடுத்த மழைக்கு வரும் கன்றுகளையும் பிடுங்க வேண்டும், அதற்கடுத்த வருடமும். ஒரு வருடம் இயந்திரம் வைத்து எடுத்துவிட்டுப் படம் பிடித்துப் போட்டுவிட்டு மறந்தால் முன்பைவிட அடர்த்தியாக வரும். ஊர் ஆட்களுக்கே அந்தக் கன்று பிடுங்கும் வேலையைக் கூலி கொடுத்து வருடா வருடம் கொடுத்தால் விறகும் கிடைக்கும், பிழைப்பும் கிடைக்கும். எடுக்கும்போது புல்வெளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், காட்டுக்குள் கடைசியாக.

புல்வாய்:
இதில் முழு உடன்பாடு. குதிரைக்கு?

உப்பங்காற்று:
குதிரைக்குக் கருத்தடை. பிடித்துக் கொண்டுபோவது வேண்டாம், கொல்வது வேண்டவே வேண்டாம், எங்கள் ஊரில் ஒருவரும் ஒப்ப மாட்டார்கள். ஆண் குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அறுவை செய்தால் தானாகக் குறையும். நாள் எடுக்கும். எடுக்கட்டும்.

விறகுக்கட்டு:
இது பேச்சு. இதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

புல்வாய்:
எடுக்கும் காலத்தில் மான் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. மெதுவாக என்பது குதிரைக்குக் கருணை, மானுக்கு அல்ல. என் கருத்தில் மாற்றமில்லை, ஆனால் ஒன்றுமே செய்யாததைவிட மேல்.

நெறியாளர்:
குதிரை விவாதம் நல்லபடியாகவே போகிறது. தொடர விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்குங்கள். இங்கே தேன்சிட்டு கேட்டது டிசம்பர் பயணம்.

அலையாத்தி:
முத்துப்பேட்டையை ஒருவரும் சீந்தவில்லை! நான் அந்த ஊர்.

கோடியக்கரையும் முத்துப்பேட்டையும் ஒரே நாளில் வேண்டாம். வரைபடத்தில் பக்கம் மாதிரி இருக்கும், சாலை சுற்றிக்கொண்டு போகும். தனி நாள் ஒதுக்குங்கள். படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும், முன்னாடியே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், மழை நாளில் விட மாட்டார்கள். அம்மாவுக்கு இதுதான் சரியான இடம், உட்கார்ந்தபடியே பார்க்கலாம். படகில் ஏற இறங்க மட்டும் கை கொடுக்க வேண்டும்.

பாமணியாறு, கோரையாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகள் எல்லாம் இங்கே வந்து காயலில் விழுகின்றன. இரண்டு பக்கமும் வெண்கண்டல். இந்தக் காட்டில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அந்த ஒரே மரம்தான். படகு ஓரமாகப் போகும்போது ஓர் இலையின் அடிப்பக்கம் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு. வேரில் வடிகட்டியது போக உள்ளே வந்த உப்பை இலையில் உள்ள சுரப்பி வழியாக வெளியே தள்ளும். காலையில் வெயில் சாய்வாக விழும்போது இலை மேல் பொடிப்பொடியாகப் பளபளக்கும். கீழே சேற்றில் ஆணி அடித்தது மாதிரி ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் நிற்கும். அதற்கு நடுவே ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு நண்டுகள் ஆட்டிக்கொண்டிருக்கும். ஆண் நண்டு மட்டும்தான் அப்படி, பெண்ணுக்கு இரண்டும் சிறிசு. பக்கத்திலேயே சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீன், கண் இரண்டும் தலைக்கு மேலே. மகனை அங்கேயிருந்து கிளப்புவது கஷ்டம்.

இன்னொரு மரத்தைத் தொட விடாதீர்கள், தில்லை. ஒடித்தால் பால் வரும். கண்ணில் பட்டால் பார்வையே கொஞ்ச நாளைக்கு மங்கும் அளவு கெடுதல். படகுக்காரரைக் கேட்டால் காட்டுவார்.

பவளக்காலி:
அந்த மீன்முள் வாய்க்கால் கதையையும் சொல்லுங்கள். அது நல்ல கதை.

அலையாத்தி:
சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்காக இந்தக் காட்டைக் கூறு போட்டு மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்துபோய்ப் பள்ளமானது. உள்ளே வந்த கடல் தண்ணீர் திரும்பிப் போக முடியாமல் தேங்கி, சுண்டி, மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனது. அலையாத்தியே ஆனாலும் அவ்வளவு உப்பு தாங்காது. கன்று நட்டால் நட்டது செத்தது. ஊரார் மாடு மேய்த்து அழித்தார்கள் என்று பழி வேறு.

1990-களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேறு மாதிரி யோசித்தன. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் மீன்முள் மாதிரி சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். அலை ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது உப்பை அலசிக்கொண்டு வெளியே போகும். இந்தப் பக்கம் அலை ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் வாய்க்கால் மட்டம் பிசகினால் வேலை நடக்காது. தண்ணீர் ஓட ஆரம்பித்த பிறகு காடு வந்தது. கஜாவில் இதிலும் பெரிய பகுதி மொட்டையாகிப் பட்டுப்போனது. வாய்க்கால் தூர்ந்த இடத்தில் மீட்சி மெதுவாக இருக்கிறது, ஓடும் இடத்தில் கன்று தெரிகிறது. நீங்களே வித்தியாசம் பார்ப்பீர்கள்.

தேன்சிட்டு:
எழுதி வைத்துக்கொண்டேன். முத்துப்பேட்டை தனி நாள். ஆமை முட்டையிடுவதும் கோடியக்கரையில்தானே? டிசம்பரில் பார்க்க முடியுமா?

உப்பங்காற்று:
டிசம்பர் கொஞ்சம் முந்தி. பங்குனி ஆமை பெரும்பாலும் தை தொடங்கி மார்ச் வரை கரை ஏறும். ராத்திரி வந்து குழி தோண்டி நூறு முட்டை அளவில் இட்டுவிட்டு, மணலை மூடி, உடம்பால் அடித்து இறுக்கிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். நாயும் நரியும் தோண்டிவிடும் என்பதால் வனத்துறை முட்டைகளை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைக்கும். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் குஞ்சு. மணல் சூடு அதிகமானால் பெண், குறைந்தால் ஆண். பொரிப்பகத்துக்கு நிழல் போடுவதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

குஞ்சு விடும் நாளில் வர வாய்த்தால் அனுமதி வாங்கிப் பார்க்கலாம். செல்போன் விளக்கு மட்டும் அடிக்கக் கூடாது. குஞ்சு வெளிச்சத்தை நோக்கிப் போகும், கடல் பக்கம் வானம்தான் வெளிச்சம் என்று அதற்குப் பழக்கம். கரையில் விளக்கு எரிந்தால் ஊருக்குள் நடக்க ஆரம்பித்துவிடும்.

கரையில் செத்த ஆமை ஒதுங்கிக் கிடப்பதையும் அந்த மாதங்களில் பார்க்கலாம், அது மூச்சுக்கு மேலே வர வேண்டிய விலங்கு. இழுவை வலையில் மாட்டினால் மூழ்கிச் சாகிறது. அதைப் பற்றி ஆரம்பித்தால் நெறியாளர் இன்னொரு இழை திறக்கச் சொல்வார்.

சும்மாஒருவன்:
சரி, எனக்கே ஆசை வந்துவிட்டது. ட்ரோன் கொண்டு வரலாமா? பூநாரைக் கூட்டம் மேலிருந்து எடுத்தால் எப்படி இருக்கும்!

பவளக்காலி:
கூடாது. சரணாலயத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் வழக்கு. அதைவிட, ஒரு தடவை கூட்டம் மொத்தமாக எழும்பினால் அவ்வளவு நேரம் மேய்ந்து சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு போய்விடும். வடக்கே திரும்பிப் போகச் சேர்த்துக்கொண்டிருப்பது அதுதான். உங்கள் படத்துக்காக அது செலவழிக்க வேண்டுமா?

சும்மாஒருவன்:
சரி சரி, கொண்டு வரவில்லை. பைனாகுலர் வாங்குகிறேன். எது?

பவளக்காலி:
8x42 போதும். அதற்கு மேல் பெரிதாக்கிக் காட்டுவது கையில் நடுங்கும், சதுப்பில் கானல் அலையில் ஒன்றும் தெளிவாக இருக்காது.

புல்வாய்:
தேன்சிட்டு அக்கா, மான் சிரமம் என்று உப்பங்காற்று அண்ணன் சொன்னாலும் முழுக்கக் கைவிடாதீர்கள். சாயங்காலம் வெயில் தணிந்ததும் புல்வெளிப் பாதையில் வண்டியிலேயே மெதுவாகப் போங்கள். கறுப்பும் வெள்ளையுமாக, முறுக்குக் கொம்போடு ஒன்று தனியாக ஒரே இடத்தில் நின்றால் அது தன் எல்லையைக் காக்கும் கிடா. பக்கத்திலேயே ஒரு புழுக்கைக் குவியல் இருக்கும், நாள்தோறும் அதே இடத்தில் வந்து போடும். மற்றக் கிடாக்களுக்கு அது அறிவிப்பு. பழுப்பு நிறத்தில் கொம்பில்லாமல் கூட்டமாக இருப்பவை பெட்டைகள். வண்டியை விட்டு இறங்காதீர்கள். இறங்கினால் ஒன்று எம்பிக் குதிக்கும், அடுத்த நொடி எதுவும் இருக்காது. காட்டுப் பக்கம் புள்ளிமானும் உண்டு, அதை வெளிமான் என்று சொல்லிக் காட்டும் ஆட்களும் உண்டு.

குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். சிப்ஸ் பொட்டலத்தோடு இறங்கினால் பையோடு போய்விடும்.

தேன்சிட்டு:
எல்லோருக்கும் பெரிய நன்றி. முடிவு இது: முதல் நாள் காலை சதுப்பும் உப்பளமும், மதியம் ஓய்வு, சாயங்காலம் புல்வெளி. இரண்டாம் நாள் முத்துப்பேட்டை, அனுமதி கிடைத்தால். ஆமைக்குப் பிப்ரவரியில் தனியாக வர முடியுமா என்று பார்க்கிறோம். கடைசியாக ஒன்று, அம்மா நடக்காமல் பறவை பார்க்க எந்த இடத்தில் வண்டியை நிறுத்துவது?

உப்பங்காற்று:
அகத்தியம்பள்ளி தாண்டிக் கோடியக்காடு போகும் சாலையிலேயே பாதி பார்த்துவிடலாம். சதுப்பு உங்களுக்கு மேற்கே இருக்கும். அதனால் காலையில் போங்கள், சூரியன் முதுகுப் பக்கம், பறவை மேல் வெளிச்சம் நேராக விழும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கருப்பு நிழலாகத்தான் தெரியும். சாலையோரம் மண் இளக்கமாக இருக்கும், டயரை இறக்கிவிடாதீர்கள், தார் ஓரத்தோடு நிறுத்துங்கள். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி, தலைக்குத் துண்டு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் இங்கே ஒரு வார்த்தை போடுங்கள், எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.